கியரில் கிளம்ப மறுக்கும் மோட்டார் சைக்கிள்

புதுக்கோட்டைக்குத் தெற்கே உள்ள அரிமளம் உங்கள் ஊர் என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணி. புதுக்கோட்டையில் அறிவியல் கண்காட்சி. நீங்கள் செய்த மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்திருக்கிறீர்கள். கடைவீதியில் தெரிந்தவர் ஒருவர் கை காட்டி அழைக்கிறார். அப்பா வண்டியை ஓரமாக நிறுத்துகிறார். இடம் சற்றுச் சரிவு. வண்டி உருண்டுவிடக் கூடாதே என்று முதல் கியரில் போட்டபடியே எஞ்சினை அணைத்து, சைடு ஸ்டாண்டைப் போட்டு இறங்குகிறார்.

பேசி முடித்துத் திரும்பி வருகிறார். ஸ்டாண்டை மடக்குகிறார், கிளட்ச்சைப் பிடிக்கிறார், ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்குகிறார். ஒரு சத்தமும் இல்லை. பாட்டரி போய்விட்டதோ? கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மறுபடி அமுக்குகிறார். எஞ்சின் உடனே கிளம்பிவிடுகிறது! அணைத்துவிட்டு மீண்டும் முதல் கியரில் முயல்கிறார். பழையபடி மௌனம்.

“அந்த சுவிட்ச் வயரை வெட்டி ரெண்டையும் சேத்து முறுக்கி விடுங்கண்ணே. அப்புறம் எப்பவும் ஸ்டார்ட் ஆகும்” என்கிறார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

அப்படிச் செய்யலாமா? அவசரப்பட வேண்டாம். வண்டி பழுதாகி மறுக்கிறதா, நம்மைக் காப்பதற்காக மறுக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

ஒரு சிறு கணக்கு

எஞ்சினின் சுழற்சி கிளட்ச் வழியாகக் கியர்ப் பெட்டிக்கும், அங்கிருந்து சங்கிலி வழியாகப் பின்சக்கரத்துக்கும் போகிறது. இந்தப் பாதையை இரண்டு இடங்களில் துண்டிக்கலாம். நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் கியர்ப் பெட்டிக்குள் தொடர்பு அறுகிறது. கிளட்ச்சைப் பிடித்தால் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே அறுகிறது. இரண்டையும் செய்யாவிட்டால், எஞ்சின் சுழலும்போது சக்கரமும் சுழன்றே தீரும்.

எவ்வளவு சுழலும்? ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்கு 300 சுற்று சுழற்றுகிறது என்று கொள்வோம். முதல் கியரில் எஞ்சின் 30 முறை சுற்றினால் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும் என்றும் கொள்வோம். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு 10 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். ஆகவே வண்டி நிமிடத்துக்கு 20 மீட்டர், அதாவது ஒரே விநாடியில் 33 சென்டிமீட்டர் முன்னே பாயும். சைடு ஸ்டாண்டிலிருந்து வண்டி சரிந்து விழ இதுவே போதும்.

அதற்குள் எஞ்சின் கிளம்பி 1500 சுற்றில் ஓட ஆரம்பித்துவிட்டால்? கணக்கைத் தொடர்ந்து போடுங்கள்: நிமிடத்துக்கு 100 மீட்டர், மணிக்கு 6 கிலோமீட்டர். விரைந்து நடக்கும் மனிதனின் வேகம் இது. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி, கைப்பிடியில் யாரும் இல்லாமல் கடைவீதியில் அந்த வேகத்தில் ஓடினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

புல்லட் சொல்லும் பாடம்

மின் ஸ்டார்ட்டர் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் இருந்த ஆலையில் புல்லட் வண்டிகள் உருவாயின. நான்கு கியர் கொண்ட அந்தப் பழைய புல்லட்டைக் காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும்.

உதையின் விசை அதில் நேராக எஞ்சினுக்குப் போவதில்லை. முதலில் கியர்ப் பெட்டிக்குள் நுழைந்து, பிறகு கிளட்ச்சைக் கடந்து, கடைசியில்தான் எஞ்சினை அடைகிறது. கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு உதைத்தால் நடுவழியில் பாலத்தை எடுத்துவிட்டது போலாகும். விசை எஞ்சினைச் சேராது. கிளட்ச்சை விட்டுவிட்டுக் கியரில் உதைத்தாலோ, கால் எஞ்சினையும் சுழற்ற வேண்டும். வண்டியையும் தள்ள வேண்டும். ஆகவே நியூட்ரல் ஒன்றே வழி. இதற்கென்றே குதிகாலால் மிதிக்கும் சிறிய நெம்புகோல் ஒன்றை அந்த வண்டியில் வைத்திருந்தார்கள். இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எந்தக் கியரில் இருந்தாலும் ஒரே மிதியில் நியூட்ரல் விழும்.

1985-இல் இந்தியச் சாலைகளுக்கு வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியில் அமைப்பு வேறு. எஞ்சினோடு எப்போதும் பல் கோத்திருக்கும் கிளட்ச்சின் வெளி உருளையை உதை நேரே சுழற்றும். எனவே கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டால் எந்தக் கியரிலும் கிளப்பலாம். வித்தியாசம் புரிகிறதா? விசை எந்த இடத்தில் நுழைகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இன்றைய மின் ஸ்டார்ட்டரின் விசையும் கிளட்ச்சைக் கடக்காமலே எஞ்சினைச் சேர்கிறது. அது கியரைப் பற்றிக் கவலைப்படாமல் எஞ்சினைச் சுழற்றிவிடும். ஆகவே அதைத் தடுத்து நிறுத்த யாராவது காவல் இருக்க வேண்டும் அல்லவா?

மூன்று காவலர்கள்

பல வண்டிகளில் மூன்று சிறிய சுவிட்சுகள் அந்தக் காவலைச் செய்கின்றன. ஒன்று கியர்ப் பெட்டியில் உள்ள நியூட்ரல் சுவிட்ச். மற்றொன்று கிளட்ச் கைப்பிடியின் அடியில் உள்ள சுவிட்ச். மூன்றாவது, சைடு ஸ்டாண்டு பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில் இருப்பது.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மிகுந்த மின்னோட்டம் தேவை. கைப்பிடியில் உள்ள பொத்தான் அதைத் தாங்காது. அதனால் பொத்தான் ஒரு ரிலேயை மட்டுமே இயக்கும். ரிலே மோட்டாரை இயக்கும். ரிலேக்குப் போகும் மின்சுற்றில்தான் காவலர்கள் நிற்கிறார்கள். அவர்களுடைய விதி இதுதான்:

நியூட்ரலில் இருக்க வேண்டும். அல்லது, கிளட்ச் பிடிக்கப்பட்டும் ஸ்டாண்டு மடக்கப்பட்டும் இருக்க வேண்டும்.

கிளட்ச் சுவிட்சும் ஸ்டாண்டு சுவிட்சும் தொடரிணைப்பில் உள்ளன. இரண்டும் மூடினால்தான் மின்சாரம் பாயும். இந்த இணைக்குப் பக்க இணைப்பாக நியூட்ரல் சுவிட்ச் இருக்கிறது. “மற்றும்” என்றால் தொடர். “அல்லது” என்றால் பக்கம்! இத்தகைய சொற்களைக் கணிதமாக்கும் முறையை ஜார்ஜ் பூல் 1854-இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். சுவிட்சுகளின் சுற்றுகளுக்கும் அதே கணிதம் பொருந்தும் என்று 1937-இல் கிளாட் ஷானன் தம் ஆய்வேட்டில் காட்டினார். கணிப்பொறியின் அடிப்படையே அதுதான். அப்பாவின் வண்டியிலும் அதே கணிதம் ஓடுகிறது.

குற்றவாளி யார்?

இப்போது துப்பறிவோம். நியூட்ரலில் வண்டி கிளம்புகிறது. ஆகவே பாட்டரி, பொத்தான், ரிலே, மோட்டார் ஆகிய நான்கும் குற்றமற்றவை. சந்தேகம் மற்ற கிளையின் மேல் விழுகிறது: கிளட்ச் சுவிட்சா, ஸ்டாண்டு சுவிட்சா?

பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். நீங்கள் உடனிருந்து கவனியுங்கள். சமதரையில், திறந்த வெளியில், பின்சக்கரம் தரையில் படாதபடி சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்த வேண்டும். சைடு ஸ்டாண்டு மடங்கியிருக்கட்டும். நியூட்ரலில் எஞ்சினைக் கிளப்பி, கிளட்ச்சைப் பிடித்து, முதல் கியரைப் போட வேண்டும். சுழலும் சக்கரத்தின் அருகே கையோ துணியோ போகக் கூடாது.

ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் எஞ்சினை அணைத்துவிடும் ஏற்பாடும் இத்தகைய வண்டிகளில் உண்டு. எனவே கியர் விழுந்ததும் எஞ்சின் அணைந்தால், ஸ்டாண்டு மடங்கியிருப்பதை வண்டி அறியவில்லை என்று பொருள். குற்றவாளி ஸ்டாண்டு சுவிட்ச். அங்கே சேறு படிந்திருக்கலாம். சுருள்வில் தளர்ந்து ஸ்டாண்டு முழுதாக மடங்காமலும் இருக்கலாம். எஞ்சின் அணையாமல் ஓடினால் ஸ்டாண்டு சுவிட்ச் நிரபராதி. மிஞ்சுவது கிளட்ச் சுவிட்ச்.

கிளட்ச் சுவிட்சைச் சோதிக்க ஒரு டார்ச் பல்பும் செல்லும் போதும். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் பல்ப், செல் ஆகியவற்றோடு தொடராக இணையுங்கள். கைப்பிடியை அமுக்கும்போது பல்ப் எரிந்து, விடும்போது அணைந்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது. அப்படியானால் கைப்பிடி திரும்பும்போதெல்லாம் வளைந்து வளைந்து வயர் உள்ளே அறுந்ததா, இணைப்பில் துரு ஏறியதா என்று பார்க்க வேண்டும். பல்ப் எரியவே இல்லையென்றால், தூசி அடைத்ததா என்று பார்த்துத் துடைக்கலாம். பயனில்லையேல் சுவிட்சை மாற்றிவிட வேண்டும்.

எல்லா வண்டிகளுக்கும் ஒரே விதி இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சிலவற்றில் நியூட்ரலிலும் கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும். சில வண்டிகள் நியூட்ரலில் மட்டுமே கிளம்பும். உங்கள் வண்டியின் விதி, அதனுடன் தந்த கையேட்டில் இருக்கும்.

வெட்டி முறுக்கலாமா?

கடைவீதி யோசனைக்கு வருவோம். கிளட்ச் சுவிட்சின் வயர்களை முறுக்கிவிட்டால், கிளட்ச் எப்போதும் பிடித்திருப்பதாகவே வண்டி நம்பும். மறதியாகக் கியரில் விட்ட வண்டியில் ஒரு குழந்தை விளையாட்டாகப் பொத்தானை அமுக்கினாலும் போதும். ஸ்டாண்டு மடங்கியிருந்தால், நாம் கணக்கிட்ட பாய்ச்சல் நடந்தே தீரும். ஸ்டாண்டு சுவிட்சை முறுக்கினாலோ ஆபத்து இன்னும் பெரிது. ஸ்டாண்டை மடக்க மறந்து ஓட்டுபவர் இடப்பக்க வளைவில் சாயும்போது, அது தரையில் இடித்து வண்டியைத் தூக்கி எறிந்துவிடும்.

அன்று காலை அப்பா என்ன செய்ய வேண்டும்? நியூட்ரலில் கிளப்பி, கிளட்ச்சைப் பிடித்துக் கியர் போட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சின் அணையவில்லையென்றால் ஸ்டாண்டு சுவிட்ச் சரி, கண்காட்சிக்குப் போய்விடலாம். மாலையில் மெக்கானிக்கிடம் கிளட்ச் சுவிட்சைக் காட்டினால் போதும். வெட்டத் தேவையே இல்லை.

அடுத்த கண்காட்சிக்கு நீங்களே இதை மாதிரியாகச் செய்யலாமே! மூன்று சுவிட்சுகள், ஒரு பல்ப், ஒரு செல் போதும். மேற்சொன்ன விதிப்படி இணைத்து, மூன்று சுவிட்சுகளையும் மாற்றி மாற்றி மூடித் திறந்து, எட்டு நிலைகளையும் சோதியுங்கள். ஐந்து நிலைகளில் மட்டும் பல்ப் எரிந்தால் உங்கள் சுற்று சரி. எரியாத மூன்று நிலைகளும் எவை, அவற்றில் வண்டி கிளம்பினால் என்ன ஆபத்து என்று பார்க்க வருபவர்களுக்குச் சொல்லுங்கள்.