நகலுக்கே நகல்

ஏழைகளின் ‘கட் கிளாஸ்’ என்று பெயரெடுத்த அமெரிக்கக் கண்ணாடிப் பாத்திரங்கள் இன்று சேகரிப்பாளர்களின் பொக்கிஷம். போலிகளோ ஏராளம்.

உருகிய கண்ணாடிக் குழம்பை உலோக அச்சில் விட வேண்டும். கத்தரியால் துண்டித்து நெம்புகோலை இழுத்தால் போதும், பூவேலைப்பாடுள்ள தட்டு தயார். பணக்கார வீடுகளில் மின்னிய, கையால் பட்டை தீட்டிய கண்ணாடியைப் போலவே ஒன்றைச் சாதாரணக் குடும்பங்களின் சாப்பாட்டு மேஜைக்கும் கொண்டுவந்தது 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவின் ‘பிரஸ்டு கிளாஸ்’.

1825-ல் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜான் பேக்வெல், அச்சில் அழுத்திய கண்ணாடிக் குமிழ்களுக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாண்ட்விச் என்ற கடலோர ஊரில் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கினார் டெமிங் ஜார்வ்ஸ். வாயால் ஊதிக் கண்ணாடி செய்யும் கைவினைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். பிழைப்பே போய்விடும் என்ற பயம். உயிருக்கு அஞ்சி ஆறு வாரம் ஒளிந்திருக்க நேர்ந்ததாக ஜார்வ்ஸ் பின்னாளில் கூறினார்.

புதிய முறையிலும் ஒரு குறை. குளிர்ந்த உலோகம் பட்டதும் கண்ணாடியின் மேற்பரப்பு சுருங்கி, பளபளப்பு மங்கியது. அதை மறைக்கப் பின்னணி முழுக்க நுண்ணிய புள்ளிகளை நிரப்பினார்கள். ‘லேஸ்’ துணி போலத் தோன்றிய அந்த வேலைப்பாடே பின்னர் பெரும் கவர்ச்சியானது. அன்று பலர் தேநீரைச் சாசரில் ஊற்றிக் குடித்தார்கள். காலிக் கோப்பையை வைக்க உள்ளங்கையளவு குட்டித் தட்டு. 1840-ம் ஆண்டு அதிபர் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனின் பிரசாரச் சின்னமான மரக்குடிசைகூட அந்தத் தட்டில் ஏறியது.

1864-ல் அடுத்த திருப்பம். மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் வில்லியம் லெய்ட்டன், ஈயம் சேர்க்காமல் சோடாவும் சுண்ணாம்பும் கலந்த தெளிவான கண்ணாடியை உருவாக்கினார். விலை சரிந்தது. வெண்ணெய்ப் பாத்திரம், சர்க்கரைக் கிண்ணம், பால் குவளை, ஸ்பூன் வைக்கும் குவளை என ஒரே டிசைனில் நான்கு உருப்படி ‘செட்’ வீடு வீடாக நுழைந்தது. பிலடெல்பியாவின் கில்லிண்டர் நிறுவனம் தயாரித்த ‘வெஸ்ட்வர்ட் ஹோ’ டிசைனில் மூடி மேல் செவ்விந்தியர் மண்டியிட்டிருப்பார். பக்கங்களில் மான், காட்டெருமை, மரக்குடிசை.

வேலைநிறுத்தத்துக்குப் பின் 1888-ல் சாண்ட்விச் தொழிற்சாலை மூடப்பட்டது. 20-ம் நூற்றாண்டில் சேகரிப்பாளர்கள் தேடத் தொடங்கியதும் போலிகள் முளைத்தன. 1931-ல் அச்சுக் கண்ணாடி பற்றி விரிவான நூல் எழுதிய ரூத் வெப் லீ, 1938-லேயே போலிகளைப் பற்றித் தனி நூல் எழுத வேண்டியதாயிற்று.

அசலைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. தட்டினால் மணியோசை வந்தால் அசல் என்பது பழைய நம்பிக்கை. ஈயக் கண்ணாடிதான் அப்படி ஒலிக்கும். சோடா கலந்த அசல் ஒலிக்காது. அடிப்பகுதியைப் பார்ப்பது மேல். பல்லாண்டு புழங்கிய பாத்திரத்தில் கீறல்கள் தாறுமாறாக இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது ஒரே சீராக இருந்து காட்டிக்கொடுத்துவிடும். போலியில் உருவங்களின் நுணுக்கமும் மழுங்கியிருக்கும்.

பெரிய தலைவலி அச்சுகள்தான். ஆலைகள் மூடப்பட்டபோது அச்சுகள் கைமாறின. அசல் அச்சிலேயே பிறகு புதுக் கண்ணாடி வார்த்தால் அது அசலா, போலியா? எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைக்க வேண்டும் என்று உருவான பொருள் அது. இன்று அதன் விலையைத் தீர்மானிப்பது, எது முதலில் வந்தது என்ற கேள்வி.