ஏழு மூடையா, பதினைந்து மூடையா?

அந்நாளில் கரத்தைக்கு மாடு வாங்கப் போகிறவர் தனியே போவதில்லை. சுழி பார்க்கத் தெரிந்த ஒருவர், பல்லைப் பிடித்து வயது சொல்லத் தெரிந்த ஒருவர், விலை பேசும்போது முகத்தில் ஆசையைக் காட்டாத ஒருவர் என மூவரையாவது உடன் அழைத்துச் செல்வது வழக்கம். இன்று கரத்தையும் இல்லை, மாடும் இல்லை. ஆயினும், பழைய சிறு லொறியொன்று வாங்கப் புறப்பட்ட என் மாணவன் ஒருவன், "சேரும் கூட வரவேண்டும்" என்று வந்து நின்றபோது, மறுக்க மனம் வரவில்லை. மேற்சொன்ன மூன்று தகுதிகளுள் கடைசித் தகுதி மட்டுமே என்னிடம் இருந்தது.

அவன் வீடு கிராண்ட்பாஸில். ஆற்றைக் கடக்கும் பெருந்துறை என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். 1822இல் களனி ஆற்றின் குறுக்கே ஓடங்களை வரிசையாகப் பிணைத்து ஓடப்பாலம் அமைத்தார்கள். 1895இல் விக்டோரியா இரும்புப்பாலம் எழும்வரை, கண்டிச் சீமையின் கோப்பி மூடைகளை ஏற்றிய கரத்தைகள் அவ்வழியேதான் கொழும்புக்குள் புகுந்தன. பாரம் சுமப்பதே அவ்வூரின் பழந்தொழில் எனலாம். என் மாணவனின் தந்தையும் அத்தொழிலில் தேய்ந்தவரே. புறக்கோட்டையில் நாட்டாமையாக நின்று, மொத்தக் கடைகளின் மூடைகளைக் கைவண்டியில் ஏற்றி இழுத்தே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. நான்காம் குறுக்குத் தெருவிலிருந்து கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனைச் சில்லறைக் கடைகளுக்கு அரிசியும் வெங்காயமும் ஏற்றிக் கொடுக்கும் வாடிக்கையை மகன் ஏற்க வேண்டும். அதற்கு ஒரு வாகனம் வேண்டும். கையில் இருந்தது சிறிது சேமிப்பும், தாயின் நகையை அடகுவைத்துப் பெற்ற தொகையுமே. தவறினால் மறுமுறை முயல இடமில்லை.

பழைய வாகனச் சந்தையோ சில ஆண்டுகளாகவே தலைகீழாகக் கிடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கும் பாரவண்டிகளுக்கும் அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில், ஓடித் தேய்ந்த வண்டியை வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்கள் பலர். தேய்மானம் என்ற சொல்லே பொருளிழந்தது. தடை நீங்கிய பின்னும் புதிய வண்டி ஏழைக்கு எட்டுவதாயில்லை.

எங்கள் முன் இரு வண்டிகள் வந்தன. ஒன்று, இந்தியாவில் 2005இல் அறிமுகமான டாட்டா ஏஸ். நம் நாட்டில் எல்லோரும் 'டிமோ பட்டா' என்றழைப்பது. 702 கன சென்டிமீற்றர் கொள்ளளவுள்ள இரு சிலிண்டர் டீசல் இயந்திரம். 750 கிலோ பாரம். மற்றொன்று, ஜப்பானியச் சிற்றுந்து வகுப்பைச் சேர்ந்த சுசுக்கி கேரி. அந்நாட்டுச் சட்டம் அவ்வகுப்புக்கு விதித்த எல்லை 660 கன சென்டிமீற்றர் இயந்திரம், 350 கிலோ பாரம். எரிபொருள் பெற்றோல். 50 கிலோ அரிசி மூடைகளாகக் கணக்கிட்டால் முன்னதற்குப் பதினைந்து, பின்னதற்கு ஏழு. விலையிலோ முன்னதே சற்றுக் குறைவு. புதுவண்ணம் பூசி மின்னிக்கொண்டும் நின்றது. பின்னதன் தட்டில் துரு, சக்கரங்களில் தேய்வு, கிளச்சும் வழுக்கியது. உடையவர் அவற்றைத் தாமாகவே சொன்னார்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது, சேர்? பாதிப் பாரம் ஏற்றும் வண்டிக்குக் கூடுதல் விலையா? பெற்றோல் வேறு!" என்றான் மாணவன்.

டீசல் மலிவு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியது. ஆனால், 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபாவும் டீசல் 121 ரூபாவுமாக இருந்தன. 2022 ஜூன் இறுதியில் அவை முறையே 470, 460 ரூபாவாயின. ஐம்பத்தாறு ரூபா வேறுபாடு ஆறே மாதத்தில் பத்து ரூபாவாகச் சுருங்கிற்று. அரசு நிர்ணயிக்கும் விலையின் மேல் பத்தாண்டுக்குரிய கணக்கைக் கட்டுவது ஆற்று மணலில் வீடு கட்டுவதே.

இரு வண்டிகளையும் பார்க்கப் பஞ்சிகாவத்தையிலிருந்து பழகிய மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்றோம். இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலையிலேயே போகவேண்டும் என்பது அவர் நிபந்தனை. முன்கூட்டியே சூடேற்றி வைத்த இயந்திரம் தன் நோயை மறைத்துவிடுமாம். கரும்புகை எரிபொருள் முழுதும் எரியவில்லை என்பதைக் காட்டும். அவ்வண்டி ஆண்டுதோறும் வரும் புகைப் பரிசோதனையில் தடுமாறும். நீலப்புகை இயந்திர எண்ணெய் எரிவதன் அறிகுறி. சூடேறிய பின்னும் விடாத வெண்புகை, நீர் உள்ளே கசிவதன் அறிகுறி. பதிவுப் புத்தகத்தையும் அவர் விடவில்லை. லீசிங் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அதில் நீங்காதிருந்தால், பணம் கொடுத்தாலும் வண்டி நம்முடையதாகாது என்றார்.

டாட்டாவின் புகையில் குற்றமில்லை. ஆனால் அவர் ஆசனப்பட்டியைப் பற்றி, அது வரும் கடைசி அங்குலம்வரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மங்கிய மஞ்சள் கோடு. கால்மிதியைத் தூக்கினார், மூலையில் பொடிமணல். பின்னச்சின் பெட்டியில் இருந்த எண்ணெயில் சிறிது வடித்துக் காட்டினார். அது பால்தேநீரின் நிறத்தில் இருந்தது. நீர் கலந்த எண்ணெய்க்கு அதுவே நிறம்.

கிராண்ட்பாஸ்காரருக்கு அதன் பொருளைச் சொல்லவேண்டியதில்லை. களனி ஆற்றின் வெள்ளநிலையை அடிக்கணக்கில் அறிவிக்கும் அளவுகோல் அவர்களுடைய நாகலகம் வீதியில்தான் இருக்கிறது. 2016 மேயிலும், டித்வா புயல் வந்த 2025 நவம்பர் இறுதியிலும் அந்த எண்ணைக் கேட்டே அவர்கள் இரவுகளைக் கழித்தார்கள். வீட்டைக் கழுவியவர்கள் வாகனங்களையும் கழுவினார்கள். சிலர் வண்ணம் பூசி விற்றார்கள். நீரில் மூழ்கிய வண்டி உடனே படுத்துவிடாது. மாதங்கள் சென்றபின் மின்கம்பிகளின் இணைப்புகளில் பச்சை பூக்கும். உருளைகள் இரையத் தொடங்கும். அப்போது துன்பப்படுபவர் விற்றவரல்லர்.

மாணவன் முகம் வாடிவிட்டது. குறையை ஒப்புக்கொண்ட வண்டி சிறியதாயிருக்கிறது. பெரிய வண்டியோ குறையை மறைத்து நிற்கிறது. சிறியதில் பத்து மூடை ஏற்றினால் என்ன என்றும் கேட்டான். அதுவரை மதிலோரம் உட்கார்ந்திருந்த தந்தை அப்போதுதான் வாய் திறந்தார்.

"அளவுக்கு மேலே ஏத்துனா முதுகு தாங்கும், தம்பி, முழங்கால்தான் பிறகு கணக்குக் கேட்கும். வண்டிக்கும் அப்படித்தான்." பின் என்னைப் பார்த்து, "புறக்கோட்டை என்ன கண்டியிலேயா இருக்கு, மாஸ்டர்? நாங்க காலமெல்லாம் ரெண்டு நடை போனவங்கதானே" என்றார்.

நான் படித்த கணக்கில் விட்டுப்போனது அதுவே. பாரத்தை நாங்கள் தூரத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நெடுந்தூரம் போகும் வண்டிக்கு இரண்டாம் நடை என்பது இரட்டைச் செலவு. மூன்று நான்கு கிலோமீற்றருக்குள் சுழலும் தொழிலுக்கு அது சிறிது பெற்றோலும் ஒரு மணி நேரமும் மட்டுமே. வண்டி நின்றுவிட்ட நாளுக்கோ ஒரு நடையும் கிடையாது, வாடிக்கையும் போய்விடும்.

சுசுக்கியையே வாங்கினார்கள். கையிலிருந்த ஒவ்வோர் ஐந்து ரூபாவிலும் ஒரு ரூபாவைத் தொடாமல் வைத்துக்கொண்டு, மீதிக்குள் விலை பேசவேண்டும் என்று மெக்கானிக் முதலிலேயே கட்டளையிட்டிருந்தார். அந்த ஒரு ரூபாக்களே கிளச்சுக்கும் சக்கரங்களுக்கும் போயின. உடையவர் மறைக்காமல் சொன்ன குறைகளாதலால், அவற்றைக் காட்டி விலையையும் சிறிது குறைக்க முடிந்தது. என் முகம் ஆசை காட்டாதிருந்ததும் அதற்குச் சற்று உதவியிருக்கலாம்.

சென்ற வாரம் நான்காம் குறுக்குத் தெருவில் அந்த வண்டியைக் கண்டேன். தட்டில் ஏழு மூடைகள். எட்டாவது மூடையைத் தோளில் தூக்கி வந்த ஒருவரிடம், "அது அடுத்த நடைக்கு, அண்ணே" என்று மாணவன் சொல்லிக்கொண்டிருந்தான்.