சிறுபோகக் கூட்டத்தில் கணினிக்கு என்ன வேலை?

சிறுபோகம் தொடங்குமுன் கிளிநொச்சியில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நெல்லைப் பற்றிய பேச்சு குறைவு. இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதை வைத்து எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு பங்கு, முதல் தண்ணீர் எப்போது, கடைசித் தண்ணீர் எப்போது, கட்டாக்காலி மாடுகளை எந்தத் திகதிக்குள் அப்புறப்படுத்துவது என்று முடிவுகள்தான் அடுக்கடுக்காக வரும். நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கூடுகிற கூட்டம் என்பதால் இவை வெறும் வாய்ப்பேச்சும் அல்ல.

இரணைமடுவின்கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. காலபோகத்தில் மழை கைகொடுக்கும். சிறுபோகத்தில் ஒரு பகுதிக்குத்தான் தண்ணீர் காணும் என்பதால் பங்கு பிரிக்க வேண்டும். பங்கென்று வந்தால் பிணக்கும் வரும். "போன முறை எங்கட வாய்க்காலுக்குக் குறைச்சது, இந்த முறை கூட்டித் தாறதெண்டுதானே சொன்னனீங்கள்?" என்று ஒருவர் எழும்பினால் பதில் கூட்டறிக்கைக் கொப்பியில் இருக்க வேண்டும். கொப்பி பழைய செயலாளர் வீட்டில் இருக்கும். நிர்வாகம் மாறும்போது கொப்பி கைமாறாமல் போவது நம்மூர்ச் சங்கங்களுக்குப் புதிதல்ல.

அமைப்புகளின் நிர்வாகத்தைச் சீர்செய்யச் செயற்கை நுண்ணறிவு உதவுமா என்ற கேள்வியை வன்னியில் இந்தக் கொப்பியிலிருந்து தொடங்குவதே சரி. இந்தியாவில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அங்குள்ள பஞ்சாயத்து ராஜ் அமைச்சு 2025 ஓகஸ்டில் 'சபாசார்' என்ற கருவியை திரிபுரா மாநிலத்தில் தொடக்கி வைத்தது. கிராம சபைக் கூட்டத்தின் ஒலி, ஒளிப்பதிவைக் கொடுத்தால் அது பேச்சை எழுத்தாக்கி, கூட்டறிக்கையைத் தயாரித்துத் தரும். அது கையாளும் மொழிகளில் தமிழும் ஒன்று.

வன்னிக்கு அப்படியே கொண்டுவரலாமா? தமிழ்நாட்டுப் பேச்சில் பழகிய கருவி துருசு, அலைகரை போன்ற நமது சொற்களில் தடுக்கி விழும். அதைவிடப் பெரிய ஆபத்து, தெளிவாகக் கேட்காத இடத்தை இவ்வகைக் கருவிகள் வெற்றிடமாக விடாமல், பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை வைத்து நிரப்பிவிடுவது. ஏக்கர்க் கணக்கில் ஓர் எண் மாறினால் ஒரு வாய்க்காலே காயும். அடுத்த கூட்டத்தில் அறிக்கையை வாசித்து, ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிந்து ஏற்கும் பழைய வழக்கத்தைக் கைவிட முடியாது. பல இடங்களில் 'வாசித்ததாகக் கொள்வோம்' என்று தாண்டிப் போகிறார்கள். இனி அது நடக்கக்கூடாது.

கணக்கில் செயற்கை நுண்ணறிவின் பயன் இன்னும் நேரடியானது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் பதிவான கமக்காரர் அமைப்புகள் சந்தா சேர்க்கின்றன. வாய்க்கால் திருத்தும் சிறு ஒப்பந்தங்களையும் எடுக்கின்றன. பற்றுச்சீட்டுகளைப் படம்பிடித்துக் கொடுத்தால், ஒரே இலக்கம் இரண்டு தடவை வந்திருக்கிறதா, பசளை மானியப் பட்டியலில் உள்ள ஏக்கர் காணிப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று கணினி ஒரு பொழுதில் சொல்லிவிடும். பிரேசிலின் தேசியக் கணக்காய்வு நிறுவனம் 'அலிஸ்' என்ற மென்பொருளைக் கொண்டு அரசாங்கக் கேள்வி அறிவித்தல்களை நாளாந்தம் வாசித்து, சந்தேகமானவற்றைக் கணக்காய்வாளருக்கு அனுப்புகிறது. களவு என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

தீர்ப்பை இயந்திரத்திடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தூரம் போகவேண்டியதில்லை. 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்தபோது 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களுக்குப் புள்ளி போட்டார்கள். அது செயற்கை நுண்ணறிவுகூட அல்ல, சாதாரணப் புள்ளிக் கணக்கு. நாடளாவிய ரீதியில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. பெயர் ஏன் வரவில்லை என்று கேட்டு வந்த சனத்துக்கு விளக்கம் சொல்லக் கிராம அலுவலரிடம் காரணம் இருக்கவில்லை. முடிவு அவர் கையிலும் இல்லை. சிறுபோகப் பங்கையும் கணினி பிரித்துத் தரட்டும், பக்கச்சார்பு இராது என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கை உயர்த்தி எடுத்த முடிவு பிழையென்றால் கை உயர்த்தியவரைக் கேட்கலாம்.

2018 டிசம்பர் வெள்ளம் இன்னொரு பாடம். புனரமைத்துத் திறந்துவைத்த அதே மாதத்தில் இரணைமடு நிரம்பி, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. வான்கதவுகளை உரிய நேரத்தில் திறந்தார்களா என்ற சர்ச்சை விசாரணை வரை போனது. மழையையும் நீர்வரத்தையும் முன்கூட்டிக் கணிக்கும் கருவிகள் இப்போது நன்றாகவே வளர்ந்திருக்கின்றன. ஆனால் நள்ளிரவில் எச்சரிக்கை வந்தால் கதவைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, அவர் இல்லாவிட்டால் யாருக்கு என்பதைக் கருவி எழுதித் தராது. அதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான் கணிப்புக்குப் பெறுமதி.

இயந்திரம் எடுக்கும் முடிவுகள் பற்றி இலங்கைச் சட்டத்தைப் பார்த்தால், தன்னியக்கமாக எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவதுதான் தள்ளிப்போனது.

இதையெல்லாம் தொடங்க விரும்பும் ஒரு கமக்காரர் அமைப்பு முதலில் பழைய கொப்பிகளைத் தேடி எடுக்க வேண்டும். 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வில் தொலைந்தவை போனதுதான். மீள்குடியேற்றத்துக்குப் பிந்தியவை யாருடையவோ அலுமாரியில் கிடக்கும். கைத்தொலைபேசியால் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, ஒரு பிரதியை அமைப்பிலும் இன்னொன்றைக் கமநல சேவை நிலையத்திலும் வைக்கலாம். எந்த அங்கத்தவர் கேட்டாலும் காட்ட வேண்டும் என்ற தீர்மானத்தை அதற்கு முன்பே பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றிவிடுவது நல்லது. பிறகு நிறைவேற்றுவது கடினம்.