ஆறு தேசப் பந்தயமும் அடைத்த கதவும்

ஜயித்தவன் மேலே ஏற வேண்டும். தோற்றவன் கீழே இறங்க வேண்டும். பந்தயம் என்ற சொல்லுக்கே அர்த்தம் இதுதான். விளையாட்டில் நேர்மைக்குப் பெயர்போன இங்கிலீஷ்காரர் உள்ளிட்ட ஆறு தேசத்தார் நடத்தும் ரக்பிப் பந்தயத்தில் இந்த எளிய நியாயம் செல்லுபடியாவதில்லை என்றால் நம் வாசகர்கள் வியப்படையலாம்.

முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம் ரக்பி. அதில் ஐரோப்பாவின் பிரதான வருஷாந்தரப் பந்தயம் 1883-ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் என்ற நான்கு தேசங்களுடன் ஆரம்பமாயிற்று. 1910-ல் பிரான்ஸ் சேர்ந்தது. ஆட்டக்காரருக்குப் பணம் கொடுக்கிறதென்றும், முரட்டுத்தனம் மிகுந்ததென்றும் குற்றஞ்சாட்டி 1931-ல் அதை விலக்கினார்கள். 1947-ல்தான் அது மறுபடியும் ஆட வந்தது. 2000-ல் இத்தாலி ஆறாவதாயிற்று. இந்தச் சரித்திரத்தில் கவனிக்கத்தக்கது ஒன்று. கதவு திறந்ததும் மூடியதும் உள்ளே இருந்தவர்களின் சித்தப்படியே நடந்தன. தோற்றதற்காக இறங்க வேண்டும், வென்றதற்காக ஏற வேண்டும் என்ற விதி அங்கே ஒருநாளும் இருந்ததில்லை.

மற்றத் தேசங்களுக்கோ அந்த விதி உண்டு. ரக்பி யூரோப் என்னும் சபை அவர்களுக்காகப் படிப்படியான வகுப்புகளை அமைத்திருக்கிறது. 2024-ன் முடிவில் அதன் முதல் வகுப்பிலிருந்து போலந்து இறங்கிற்று. அவ்விடத்துக்கு ஸ்விட்ஸர்லாந்து ஏறிற்று. அந்த வகுப்பில் 2018 முதல் 2025 வரை எட்டு வருஷங்கள் இடைவிடாமல் வெற்றி பெற்ற தேசம் ஜார்ஜியா. 1991-ல் சுதந்திரம் பெற்ற அந்தச் சிறு தேசத்தில், ரக்பியைப் போன்ற 'லேலோ' என்னும் கிராம ஆட்டம் ஈஸ்டர் பண்டிகையன்று இன்றும் நடக்கிறது. உச்சிப்படியில் நிற்கும் ஜார்ஜியாவுக்கு அதற்கு மேல் படி இல்லை, சுவர்தான் இருக்கிறது.

சுவருக்கு அப்பால் நடப்பதைப் பார்ப்போம். 2015 முதல் 2022 வரை இத்தாலி இப்பந்தயத்தில் தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோற்றது, ஆசனம் அசையவில்லை. 2024, 2025 இரு வருஷங்களிலும் வேல்ஸ் தன் ஐந்து ஆட்டங்களையும் இழந்தது. அதன் ஆசனமும் அசையவில்லை. ஆனால் 2022 ஜூலையில் பாத்தூமி நகரில் 28-19 என்று இத்தாலியையும், நவம்பரில் கார்டிப் நகரிலேயே 13-12 என்று வேல்ஸையும் ஜார்ஜியா முறியடித்தது. அதனால் அதற்குக் கிடைத்தது கைதட்டல் மட்டுமே.

எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்பதே முறை. சம்பிரதாயம் கெடும் என்கிறார்கள். கல்கத்தாவில் கலைந்துபோன ஒரு ரக்பிச் சங்கத்தின் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்காக, 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடி வருகின்றன. ஸ்காட்லாந்து இறங்கினால் அந்த ஆட்டம் என்னாவது என்பது அற்பமான கேள்வியல்ல. பணமும் ஒரு காரணம். இந்த ஆட்டங்களின் வருமானமே அத்தேசச் சங்கங்களுக்கு ஜீவாதாரம். ஒரு வருஷம் இறங்கினாலும் இளைஞர் பயிற்சி வாடிவிடும் என்கிறார்கள்.

இவை ஏற்றத்தாழ்வை நிதானமாக அமைப்பதற்குக் காரணங்களாகுமேயன்றி, அடியோடு மறுப்பதற்குக் காரணங்களாகா. கடைசி இடத்தில் நிற்கும் தேசம், கீழ்வகுப்பில் முதலாவதாக வந்த தேசத்துடன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தன் சொந்த மைதானத்திலேயே ஒரு தீர்ப்பாட்டம் ஆடட்டும். தோற்று இறங்கினால் சில வருஷங்களுக்கு உதவித் தொகை பெறட்டும். இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில் அத்தகைய ஏற்பாடு நெடுநாளாக இருக்கிறது. பணமில்லை என்பதும் பொருந்தாது. 2021-ல் இந்த ஆறு சங்கங்களும் தங்கள் பந்தய வியாபாரத்தில் ஏழில் ஒரு பங்கை, 36 கோடியே 50 லட்சம் பவுன் வரையிலான விலைக்கு, ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு விற்றன. ஏழாவது ஆசனம் இல்லையென்றவர்களுக்கு ஏழாவது பங்கு அகப்பட்டுவிட்டது!

பரிகாரம் யாரிடம் கேட்பது? உலக ரக்பி சபையின் 2020 தேர்தலில் மொத்தம் 51 வாக்குகள். ஆறு தேசங்களுக்கும் தலைக்கு மூன்று, ஜார்ஜியாவுக்கு ஒன்று. ஏற்றமும் இறக்கமும் உள்ள உலகப் பந்தயத் திட்டம் 2019-ல் ஒற்றுமையின்மையால் கைவிடப்பட்டது. 2023-ல் செய்த தீர்மானமோ, 2026-ல் தொடங்கும் பன்னிரண்டு தேசப் பந்தயத்திலும் 2030 முதலே ஏற்ற இறக்கம் என்றது. ஆறு தேசப் பந்தயத்தை அது தீண்டவேயில்லை. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகலாகாது என்பது இங்கிலீஷ் சட்டத்தின் பழைய விதி. அதைத் தங்கள் மைதானத்தில் மட்டும் அவர்கள் மறந்துவிட்டார்கள்.

ஜார்ஜியாவைத் தயவு கூர்ந்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. தயவினால் கிடைத்த இடம் தயவு மாறினால் போய்விடும். 1931-ல் பிரான்ஸ் அதைக் கண்டது. ஆடி வெல்லவும், ஆடி இழக்கவும் கூடிய இடமே கௌரவமான இடம். ஒரே ஒரு தீர்ப்பாட்டத்துக்குத் தேதி குறிக்கட்டும். ஜார்ஜியா தோற்றால் திரும்பிப் போகட்டும்; அப்போது அதற்குக் குறைசொல்ல வாயிராது.