விபத்துப் பதிவேடு எட்டும் இடத்தில் இருக்கட்டும்

முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறையில் பாதுகாப்புப் பதிவேடு என்றால் பெரும்பாலும் ஒரு நீள நோட்டுதான். விபத்து விவரம், தீயணைப்பான் நிரப்பிய தேதி, செயின் பிளாக் சோதனைச் சான்றிதழ், பயிற்சிக்கு வந்தவர்களின் கையெழுத்து எல்லாம் அதிலோ அதில் செருகிய தாள்களிலோ கிடக்கும். இதைக் கணினிக்கு மாற்றுவது நல்லதே. ஆனால் விற்க வருபவர் காட்டும் வண்ண வண்ண வரைபடங்களைப் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. நோட்டில் தொழிலாளிக்கு இருந்த உரிமை மென்பொருளிலும் இருக்குமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அப்படி ஓர் உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது. விபத்துப் பதிவேட்டைத் தொழிலாளிக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. பொது ஒழுங்குமுறைகளே சொல்லிவிட்டன. அடிபட்டவரோ, அவருக்காக வேறொருவரோ அதில் எழுதினால் போதும். முதலாளிக்குத் தகவல் கொடுத்ததாகக் கணக்கு. அதே பதிவேடு மேலாளரின் பாஸ்வேர்டுக்குள் போய்விட்டால், யார் எழுதுவது, எதை எழுதுவது, எழுதுவதா வேண்டாமா எல்லாமே ஒருவர் கைக்குப் போய்விடும். அந்த மென்பொருள் எத்தனை நவீனமானாலும் தொழிலாளிக்கு அது பின்னடைவு.

ஒரு பதிவைக் கிட்டத்தில் பார்ப்போம். பவர் பிரஸ்ஸில் ஒருவருக்கு விரல் போகிறது. “கையில் அடிபட்டது; காரணம் கவனக்குறைவு” என்று ஒரு வரி எழுதலாம். “இரவு 2.40. மூன்றாம் எண் பிரஸ். வலது ஆள்காட்டி விரல், முதல் கணு. இரு கைப் பட்டன் வேலை செய்யாததால் மிதியில் ஓட்டினோம், முதல் நாளே சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தோம்” என்றும் எழுதலாம். இரண்டுக்கும் பணத்திலேயே வித்தியாசம் உண்டு. தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்ட அட்டவணைப்படி ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. ஒரு கணு மட்டும் போனால் 9. கட்டைவிரல் போனால் 30. எந்த விரல், எவ்வளவு, எந்த நேரம், யாருடைய ஷிப்ட் என்று அன்றே எழுதாததைப் பிறகு நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

ஆகவே காரணம் என்ற கட்டத்தில் என்னென்ன தேர்வுகள் வைத்திருக்கிறார்கள் என்று திறந்து பாருங்கள். “தொழிலாளியின் கவனக்குறைவு” முதல் வரியில் நின்று, “பாதுகாப்புச் சாதனம் பழுது” பட்டியலிலேயே இல்லையென்றால் அதை வாங்க வேண்டாம். நிரப்புகிறவர் அவசரத்தில் முதலில் கண்ணில் படுவதைத்தான் அழுத்துவார். நடந்ததைத் தன் சொல்லில் எழுத ஒரு கட்டமும், படம் சேர்க்க வசதியும் இருக்க வேண்டும். நூலிழையில் தப்பியவற்றையும், காயம் இல்லை என்று ஒதுக்காமல், பதிய இடம் வேண்டும். தமிழிலும், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும் படிவம் திறக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிகளின் பெயர்களும் அதில் இருக்க வேண்டும், இ.எஸ்.ஐ. சட்டம் அவர்களுக்கும் முதன்மை முதலாளியையே பொறுப்பாக்கியிருந்தது.

விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. சிறு பட்டறைக்கு ஒரு கூகுள் படிவமும் அதோடு இணைந்த விரிதாளும் போதும் என்பது என் கருத்து. படிவத்துக்கான க்யூஆர் குறியீட்டை அச்சிட்டு மெஷின் அருகே ஒட்டினால், அங்கே நிற்பவர் தன் போனிலேயே நிரப்பலாம். பதிந்த நேரம் தானாக விழும். விரிதாளின் திருத்த வரலாற்றில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதும் தெரியும். உள்ளே சிக்னல் கிடைக்காத இடமென்றால் ஓடிகே போன்ற திறமூல மென்பொருள் இணையம் இல்லாமலே பதிந்துகொண்டு பிறகு அனுப்பும். எதைத் தேர்ந்தாலும் பழைய பதிவைத் தடயமில்லாமல் அழிக்க முடியுமா என்று நீங்களே ஒருமுறை அழித்துப் பார்த்துவிடுங்கள். முடிந்தால் அது பதிவேடே அல்ல.

மின்னணுப் பதிவு சட்டப்படி செல்லும். பின்னாளில் எடுத்துப் பார்க்கும்படியும், எங்கிருந்து எப்போது வந்தது என்ற விவரத்தோடும் அது இருக்க வேண்டும் என்கிறது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, அத்தகைய ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. சந்தா நின்ற மறுநாளே திறக்காமல் போகும் மென்பொருளால் முதலாளிக்கும் ஆபத்துதான். எல்லாப் பதிவுகளையும் சாதாரண கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால் படிவங்கள் மாறும். கட்டங்களை நாமே மாற்ற முடிய வேண்டும்.

மருத்துவ விவரங்கள் வேறு விஷயம். யாருக்கு என்ன நோய் என்பது எல்லோரும் பார்க்கும் தாளில் வரக் கூடாது. விபத்துப் பதிவு திறந்திருக்கட்டும். உடற்பரிசோதனை முடிவு உரியவருக்கும் மருத்துவருக்கும் மட்டும் தெரியட்டும்.

பதிய மறுத்தால்? அடிபட்ட அன்றே மருத்துவமனையில், வேலை செய்தபோது நேர்ந்த விபத்து என்று தெளிவாகச் சொல்லி, அங்கே எழுதும் விபத்துப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் நேரம், இடம், மெஷின் எழுதி அனுப்பிப் படத்தையும் சேருங்கள். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலும், மாவட்டத்தில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து ரசீது பெறுங்கள். வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் இ.எஸ்.ஐ.யின் தற்காலிக ஊனப் பலன் உண்டு. அது சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். இ.எஸ்.ஐ. வரம்பில் இல்லாதவர்கள் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் விபத்து நடந்த 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். முதலாளி “பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.