மொரேனுக்குக் கிடைத்த பெயர்

தோழர்களே, இந்த நினைவரங்கில் ஒரு பிரெஞ்சுக் கதையைப் பேசப் போகிறோம் என்றதும் நண்பர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். மதுரைக்கும் மாப்பசானுக்கும் என்ன சம்பந்தம் என்றார்கள். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் ஏறிக் கல்லூரிக்கு வருகிற நம் பெண்பிள்ளைகளிடம் சொன்னால், பாதிக் கதையை அவர்களே முடித்துவிடுவார்கள்.

1882இல் வந்த கதை, பெயர் ‘அந்தப் பன்றி மொரேன்’. பன்றியை வசையாக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. பன்றி வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தலைப்பு அவருடையது, விட்டுவிடுவோம்.

மொரேன், லா ரொஷேல் ஊரில் நூலும் பித்தானும் விற்கிற கடைக்காரர். பாரிசிலிருந்து ரயிலில் திரும்புகிறார். பெட்டியில் அவரும் ஓர் இளம்பெண்ணும் மட்டும். விடிகாலையில் கண்விழித்தவள் அவரைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பாய்ந்து கட்டிப்பிடிக்கிறார். அவள் அலறிக்கொண்டு கதவைத் திறக்கிறாள். ரயில் நிற்கிறது, புகார் பதிவாகிறது. ‘சிரிச்சாளே’ என்ற வாதம் நம் சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல என்று தெரிகிறது.

கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. புகாரை வாபஸ் வாங்கவைக்க உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் லபார்ப் கிளம்புகிறார். பெண்ணின் மாமா அந்தப் பத்திரிகையின் சந்தாதாரர். வந்தவருக்குத் தடபுடலான வரவேற்பு. நம் ஊர்க் கட்டப்பஞ்சாயத்துக்கு வரும் பெரிய மனிதருக்கு நாற்காலி போடுவதைப் போலத்தான். சமரசம் பேச வந்தவர் தோட்டத்தில் அந்தப் பெண்ணை, ஆன்ரியெத்தை, முத்தமிடுகிறார். இரவில் படிக்கப் புத்தகம் வேண்டும் என்ற சாக்கில் அவள் அறைக்குள்ளேயே நுழைகிறார். அவள் திமிறினாள் என்று அவரே சொல்கிறார், வேடிக்கைபோல. புகார் வாபஸாகிறது. மொரேன் ஊர் முழுக்கப் பன்றி என்று பெயர் வாங்கி, அவமானத்தில் இரண்டே ஆண்டுகளில் சாகிறார். லபார்ப்புக்கோ நல்ல பெயர்.

மொரேன் செய்தது குற்றம்தான், அவருக்காக நாம் வாதாடவில்லை. அதைவிடப் பெரிதாகச் செய்தவர் ஏன் கனவானாகவே இருந்தார் என்பதுதான் நம் கேள்வி. கதையைச் சொல்கிற வாய் அவருடையது. பத்திரிகையும் அவருடையது.

நம் பத்திரிகைகளில் ‘ஒருதலைக் காதல்’ என்றொரு தலைப்பு வருமே, அதை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் மாதக்கணக்கில் துரத்தப்பட்டு வெட்டுப்பட்டால்கூட அதில் காதல் என்ற சொல் ஒட்டிக்கொள்கிறது. நிலம் வைத்திருக்கிற தெருப் பையன் சேரிப் பெண்ணைப் பஸ் நிறுத்தம்வரை பைக்கில் துரத்தினால் ‘வயசுக் கோளாறு’. பெண்ணின் அப்பா அவர்கள் வயலில் கூலிக்குப் போகிறவர் என்றால் புகார் காவல் நிலையம்வரை போவதே அபூர்வம். போனாலும் நம் ஊர் லபார்ப்புகள் அங்கே முன்னாடியே உட்கார்ந்திருப்பார்கள்.

இதுவே தலித் இளைஞன் என்றால், பெண் விரும்பி வந்திருந்தாலும் அது ‘நாடகக் காதல்’. தருமபுரி நத்தம் காலனியில் இருவர் விரும்பி மணந்துகொண்டதற்கு 2012 நவம்பர் 7 அன்று 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டு மயக்குகிறார்கள் என்று மேடைகளில் பேசினார்கள். 2015 ஜூனில் கோகுல்ராஜ் உடன்படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மறுநாள் உடல் தண்டவாளத்தில் கிடந்தது. அந்த வழக்கில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது நம் மதுரைச் சிறப்பு நீதிமன்றம், 2022 மார்ச் 8இல்.

ஆக, பெண் வேண்டாம் என்று சொன்னதையும் யாரும் கேட்கவில்லை, வேண்டும் என்று சொன்னதையும் கேட்கவில்லை. இரண்டையும் சாதிதான் அவளுக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சட்டம் மெதுவாக வந்து சேர்ந்தது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகு 1998இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே ‘ஈவ் டீசிங்’ இருந்தது. சீண்டல், விளையாட்டு என்ற பொருளில்! அதைத் துன்புறுத்தல் என்று திருத்தப் பிறகு நான்கு ஆண்டுகள் ஆயின. பெண்ணைப் பின்தொடர்வது தனிக் குற்றமானது 2013இல்தான். நமக்கு முக்கியமானது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம். சாதி இந்து ஒருவர் தலித் பெண்ணை அவள் சம்மதமில்லாமல் பாலியல் நோக்கில் தொட்டாலே, சொல்லாலும் சைகையாலும் சீண்டினாலே வன்கொடுமை. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் அவள் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. தீண்டாமை பார்க்கிற ஊரில் தீண்டலுக்காகவும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. புகார் எழுதப் போகும்போது இந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: 3(1)(டபிள்யூ).

கதையின் முடிவுக்கு வருவோம். பல ஆண்டுகள் கழித்துத் தேர்தலுக்கு ஆதரவு கேட்டு லபார்ப் ஒரு வழக்குப்பத்திர அலுவலர் வீட்டுக்குப் போகிறார். அந்த அலுவலரின் மனைவி ஆன்ரியெத். கணவர் லபார்ப்பின் கைகளைப் பற்றிக்கொண்டு, அந்தப் பன்றி மொரேன் விவகாரத்தில் எவ்வளவு கண்ணியமாக நடந்துகொண்டீர்கள் என்று நன்றி சொல்கிறார். அதற்குச் சற்று முன்னால், நான்தான் ஆன்ரியெத் என்று அவர் சொன்னபோது லபார்ப் முகம் வெளுத்துப் போனது. ஆன்ரியெத் அதைப் பார்த்துக்கொண்டே சிரித்தபடி நின்றார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று கதையில் யாரும் அவரிடம் கேட்கவில்லை.