சோனியின் தொடர்சேவை ஆட்டங்கள்

தொடர்சேவை ஆட்டங்கள் என்பன, வெளியிடப்பட்ட பின்னரும் புதிய களங்கள், போட்டிகள், பாத்திரங்களுக்கான ஆடைகள் முதலியன இணையம் வழியாகத் தொடர்ந்து சேர்க்கப்பட்டுவரும் நிகழ்பட ஆட்டங்கள் ஆகும். பிளேஸ்டேசன் ஆட்ட இயந்திரங்களை உருவாக்கும் சப்பானிய நிறுவனமான சோனி, 2022 ஆம் ஆண்டு முதல் இத்துறையில் பெருமளவு முதலீடு செய்தது. 2026 மார்ச் மாதத்திற்குள் பத்துக்கும் மேற்பட்ட தொடர்சேவை ஆட்டங்களை வெளியிட அது திட்டமிட்டிருந்தது. இத்திட்டத்தின் பெரும்பகுதி நிறைவேறவில்லை.

பின்னணி

சோனியின் கலையகங்கள், கதையை மையமாகக் கொண்டு ஒருவர் தனித்து ஆடும் ஆட்டங்களுக்கே பெயர் பெற்றவை. இத்தகைய ஆட்டங்களுக்கான செலவு ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து வந்தது. 2020 இல் வெளிவந்த "தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2" ஆட்டத்தை உருவாக்க ஏறத்தாழ 22 கோடி அமெரிக்க டாலர் செலவானது என்பது, 2023 இல் அமெரிக்க நீதிமன்றமொன்றில் தாக்கல் செய்யப்பட்ட ஆவணங்களால் தெரியவந்தது. இவ்வகை ஆட்டம் ஒரு முறை மட்டுமே விற்கப்படுவது. வெளியான சில மாதங்களில் அதன் விற்பனை குறைந்துவிடும்.

தொடர்சேவை ஆட்டத்தின் வருவாய் முறை வேறானது. எடுத்துக்காட்டாக, 2017 இல் வெளிவந்த போர்ட்நைட் ஆட்டத்தின் போர்க்களப் பகுதியை ஆடக் கட்டணம் இல்லை. ஆடுபவர்கள் ஆட்டத்திற்குள் வாங்கும் தோற்றங்களும் பருவச் சீட்டுகளுமே அதற்கு வருவாய் தருகின்றன. ஆட்டம் நிலைத்தால் வருவாயும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

திட்டமும் அதன் சுருக்கமும்

2022 சனவரியில், டெஸ்டினி ஆட்டத்தை உருவாக்கிய அமெரிக்கக் கலையகமான பங்கியை 360 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சோனி அறிவித்தது. அவ்வாண்டு சூலையில் இக்கொள்முதல் நிறைவுற்றது. தொடர்சேவை ஆட்டங்களை நடத்துவதில் பங்கி பெற்றிருந்த பட்டறிவைப் பிற கலையகங்களுக்கும் பயன்படுத்துவது இதன் நோக்கங்களுள் ஒன்று.

எனினும் 2023 நவம்பரில், உருவாக்கத்தில் இருந்த 12 ஆட்டங்களுள் ஆறு மட்டுமே 2026 மார்ச்சுக்குள் வெளிவரும் என்று சோனி தெரிவித்தது. அடுத்த மாதமே நாட்டி டாக் கலையகம், தி லாஸ்ட் ஆஃப் அஸ் தொடரின் இணைய ஆட்டத்தைக் கைவிட்டது. அதனை வெளியிட்டால் பல ஆண்டுகளுக்குத் தன் வளங்கள் முழுவதையும் அதன் பராமரிப்புக்கே செலவிட வேண்டியிருக்கும் என்றும், அதனால் தனிநபர் ஆட்டங்கள் பாதிக்கப்படும் என்றும் அக்கலையகம் விளக்கியது.

ஒரே ஆண்டில் இரு ஆட்டங்கள்

2024 பெப்ரவரி 8 அன்று ஹெல்டைவர்ஸ் 2 வெளியானது. சுவீடனின் ஏரோஹெட் கலையகம் உருவாக்கிய இவ்வாட்டத்தில் நால்வர் வரை ஒன்றுசேர்ந்து பூச்சிகளையும் இயந்திரங்களையும் எதிர்த்துப் போரிடுவர். 12 வாரங்களில் இதன் 1 கோடியே 20 இலட்சம் படிகள் விற்பனையாயின.

அதே ஆண்டு ஆகத்து 23 அன்று கான்கார்ட் வெளியானது. இரண்டின் விலையும் 40 டாலர். இரண்டும் பிளேஸ்டேசன் 5 இயந்திரத்திலும் கணினியிலும் ஒரே நாளில் வெளிவந்தவை. ஸ்டீம் தளத்தில் ஹெல்டைவர்ஸ் 2 ஆட்டத்தை ஒரே நேரத்தில் 4,50,000 பேருக்கு மேல் ஆடியதுண்டு. கான்கார்டுக்கு அந்த எண்ணிக்கை 700 ஐயும் எட்டவில்லை. செப்டம்பர் 6 அன்று அதன் வழங்கிகள் நிறுத்தப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. ஆட்டத்தின் ஆயுள் இரண்டு வாரங்களே.

இவ்வேறுபாட்டிற்கான முதன்மைக் காரணம் நேரம் எனலாம். கதை ஆட்டத்தை முடித்தவர் அடுத்த கதையை வாங்குவார். தொடர்சேவை ஆட்டமோ முடிவதில்லை. அதில் நண்பர்களையும் பொருட்களையும் சேர்த்தவர் எளிதில் வேறொன்றுக்கு மாறமாட்டார். ஐவர் எதிர் ஐவர் சுடும் ஆட்டமான கான்கார்ட், ஓவர்வாட்ச் 2, வேலரண்ட் போன்ற கட்டணமற்ற ஆட்டங்கள் ஏற்கெனவே நிலைபெற்றிருந்த களத்தில் விலையுடன் நுழைந்தது. ஹெல்டைவர்ஸ் 2 இத்தகைய நெருக்கடி குறைந்த கூட்டுப்போர் வகையைச் சேர்ந்தது. ஒரே நிறுவனம் பத்து ஆட்டங்களை வெளியிட்டால், அவை தமக்குள்ளேயே ஆடுபவர்களின் நேரத்திற்குப் போட்டியிட நேரும்.

விளைவுகள்

2024 அக்டோபரில், கான்கார்டை உருவாக்கிய ஃபயர்வாக் கலையகம் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அதன் பணியாளர்கள் வேலை இழந்தனர். 2025 சனவரியில் பெண்ட், புளூபாயின்ட் ஆகிய கலையகங்களின் தொடர்சேவைத் திட்டங்கள் கைவிடப்பட்டன. 2025 நவம்பரில், பங்கி தொடர்பான சொத்துகளின் மதிப்பை ஏறத்தாழ 3,150 கோடி யென் குறைத்துச் சோனி கணக்குக் காட்டியது. ஆயினும் ஹெல்டைவர்ஸ் 2, கிரான் டூரிசுமோ 7 போன்ற ஆட்டங்கள் தொடர்ந்து வருவாய் ஈட்டியதால், முயற்சி முழுத் தோல்வி என்று கூறுதல் பொருந்தாது.

பாதுகாப்புச் சிக்கல்

1994 இல் வெளிவந்த முதல் பிளேஸ்டேசனின் குறுவட்டுகளை, இயந்திரம் பழுதடையாமல் இருந்தால் இன்றும் இயக்கலாம். கான்கார்டின் வட்டை வைத்திருப்பவர், வழங்கிகள் இல்லாததால் அதனை ஆட இயலாது. பலரது பல ஆண்டு உழைப்பு ஆவணமாகக்கூட எஞ்சாமல் மறையக்கூடும் என்பது தொடர்சேவை முறையின் முக்கியக் குறைபாடாகும். விற்கப்பட்ட ஆட்டங்களை, சேவை முடிந்த பின்னரும் இயங்கும் நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் எனக் கோரும் ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி ஒன்று, 2025 சூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது குறிப்பிடத்தக்கது.